ஜெமினி வாசன் அவர்களின் வாழ்க்கை வரலாறு

கொல்லிமலையைப் பாடிய சங்கப் புலவர்கள், அம்மலையிலே தெய்வம் வகுத்த பாவை ஒன்று இருந்ததாகக் கூறிச் சென்றனர். காற்று மோதினும் மழை பொழியினும் அதன் வனப்புக் குன்றாது. அது காண்பாரை நோக்கி நகைக்கும். அவர்தம் உள்ளத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் என்பது வழிவழி வந்த கதை. அரியூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ள அம்மலையில் வாழ்வார்க்கு அப்பாவையின் பெயர் இன்றும் புதியதன்று. உயிரற்ற உருவம் அசைந்து நகைத்து மாந்தரைக் கட்டி நிறுத்தும் என்று நம் முன்னோர் கண்ட கனவு, இருபதாம் நூற்றாண்டில் வெள்ளித்திரையின்மேல் நனவாயிற்று. அம்மலைக்கு மேற்கேயுள்ள திருச்செங்கோட்டைச் சார்ந்த டி. ஆர். சுந்தரம் அவர்கள் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படக் கம்பெனியை நிறுவி, தமிழிலும் பிற தென்மொழிகளிலும் படங்கள் எடுத்துப் புகழ் பெற்றார். அக்காலத்திலேயே சென்னையில் மற்றொரு தமிழர், தமிழறியாத வடநாட்டு மக்களும் கண்டு களிக்கும்படி ஹிந்தி மொழியில் படங்களை இயக்கி, இமயம் வரையில் தம் பெயரைப் பரப்பினார். அவரே ஜெமினி வாசன் என்று யாவராலும் அழைக்கப்பெற்ற எஸ். எஸ். வாசன் ஆவர். அன்னாருடைய வாழ்க்கை, கற்கும் பருவத்தினராகிய நமக்குப் பல வகையிலும் சிந்திக்கத் தக்கது.

இளமை

வாசன் அவர்கள் 1904-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள், தஞ்சை ஜில்லாவைச் சார்ந்த திருத்துறைப்பூண்டியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஸ்ரீநிவாசன் என்பது. அப்பெயரே சுருங்கிப் பின்னாளில் வாசன் என வழங்கலாயிற்று. அவர் சிறு குழந்தையாய் இருந்த காலத்திலேயே தந்தையார் காலஞ்சென்றார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் அன்னையார்மேல் விழுந்தது. கைம்பெண்ணாய் நின்ற அவ்வம்மையார் தம் மைந்தனுடன் சென்னை நகரம் சேர்ந்தார். சொந்த ஊரின் நிழலை விட்டு, உற்றார் அதிகமில்லாத பெருநகரில் மகனை ஆளாக்க அவர் பட்ட துன்பம் சிறிதன்று.

வாசனுக்குக் கல்லூரிப் படிப்பை நிறைவு செய்யும் பேறு கிட்டவில்லை. வறுமை அவரைத் தொழில் தேடும்படி தூண்டியது. ஆயினும் அவர் பிறரிடம் கைகட்டிச் சம்பளம் பெறும் உத்தியோகத்தை நாடினாரல்லர். தபால் மூலம் பொருள்களை விற்கும் வியாபாரத்தைத் தொடங்கினார். பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுக்கும் தொழிலையும் மேற்கொண்டார். இவ்விரு தொழில்களும் பிற்காலத்தில் அவருக்குப் பெரியதொரு பள்ளிக்கூடமாய் அமைந்தன. முகமறியாத ஒருவன் எங்கோ ஒரு சிற்றூரிலிருந்துகொண்டு எதை விரும்புகின்றான், எந்தச் சொல்லைக் கண்டு தபாலாபீசுக்குச் சென்று பணம் கட்டுகின்றான் என்பதை அறிந்தாலன்றித் தபால் வியாபாரம் நடவாது. காணாத மனிதனுடைய மனத்தைக் கணக்கிடும் அவ்வித்தையை வாசன் இளமையிலேயே கற்றார். அவருடைய பிற்கால வெற்றிகளுக்கெல்லாம் இதுவே வித்து என்று கூறலாம்.

பத்திரிகைத் தொழில்

பூதூர் வைத்தியநாதய்யர் என்பவர் 1926-ஆம் ஆண்டில் ‘ஆனந்த விகடன்’ என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கி நடத்திவந்தார். அப்பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்துவந்தவருள் வாசனும் ஒருவர். பத்திரிகை தளர்வுற்று வெளிவருவது தடைப்பட்டபொழுது, அதன் காரணத்தை வினவச் சென்ற வாசன், அதனைத் தாமே விலைக்கு வாங்கிவிட்டார் என்பர். பத்திரிகையின் பெயரிலுள்ள எட்டெழுத்துக்களுக்கு எழுத்தொன்றுக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்ததாகச் சொல்லப்படும் கதை தமிழ்நாட்டில் பலரும் அறிந்ததே. இது நிகழ்ந்தது 1928-ஆம் ஆண்டில். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு.

அவர் கையில் வந்தபின் விகடன் புத்துயிர் பெற்றது. மாதப் பத்திரிகையாய் இருந்தது நாளடைவில் வாரப் பத்திரிகையாய் வளர்ந்தது. ‘கல்கி’ என்னும் புனைபெயரால் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களை ஆசிரியராக அழைத்துக்கொண்டார். மாலி போன்ற சித்திரக்காரர்களின் கோட்டுச் சித்திரங்களும் ஹாஸ்யத் துணுக்குகளும் பத்திரிகையை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. அதுவரை பத்திரிகை என்பது ஆங்கிலம் கற்றோரும் அரசியல் பேசுவோரும் படிப்பதாய் இருந்தது. அடுப்பங்கரையிலுள்ள பெண்டிரும், சிற்றூர்த் திண்ணையிலிருக்கும் முதியோரும் வாரந்தோறும் எதிர்பார்த்து வாங்கிப் படிக்கும் பொருளாக அதனை ஆக்கிய பெருமையில் வாசனுக்குப் பெரும்பங்கு உண்டு. பரிசுப் போட்டிகளால் மக்களைக் கவர்ந்தார் என்று அவரைக் குறை கூறியோரும் இருந்தனர். 1941-ஆம் ஆண்டில் கிருஷ்ணமூர்த்தி அவர்கள் விகடனை விட்டு நீங்கி, ‘கல்கி’ என்னும் பெயரால் தனிப் பத்திரிகை கண்டார். ஒருவர் பிரிந்தமையால் தமிழுக்கு இரு பெரும் பத்திரிகைகள் கிடைத்தன. பிரிவிலும் ஒரு நன்மை விளைந்தது.

வாசன் தாமும் கதை எழுதும் ஆற்றல் உடையவர். அவர் எழுதிய ‘சதி லீலாவதி’ என்னும் நாவல், 1936-ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கரால் பேசும்படமாக இயக்கப்பட்டது. எம். ஜி. ராமச்சந்திரன், டி. எஸ். பாலையா ஆகியோர் முதன்முதல் திரையில் தோன்றியது அப்படத்திலேதான். தம் எழுத்து திரையில் உயிர்பெற்றதைக் கண்ட வாசனுடைய மனம், அச்சுக்கூடத்திலிருந்து படக்கூடத்தின் பக்கம் மெல்லத் திரும்பியது.

ஜெமினி ஸ்டூடியோ

முதலில் அவர் படங்களை விநியோகிக்கும் தொழிலில் இறங்கினார். பின்னர், டைரக்டர் கே. சுப்ரமணியம் அவர்கள் தொடர்புற்றிருந்த மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன் என்னும் ஸ்டூடியோ தீவிபத்தால் அழிவுற்று ஏலத்திற்கு வந்தது. வாசன் அதனைச் சற்றேறக்குறைய 86,000 ரூபாய்க்கு எடுத்து, 1940-ஆம் ஆண்டில் ஜெமினி ஸ்டூடியோஸ் என்று பெயரிட்டார். அவர் பந்தயக் குதிரைகளில் விருப்பமுடையவர் என்றும், அவற்றுள் ஒன்றின் பெயரே ஸ்டூடியோவின் பெயராயிற்று என்றும் கூறுவர். இரு சிறுவர்கள் ஊதுகுழல் ஏந்தி முழக்கும் உருவம் அந்நிறுவனத்தின் முத்திரையாயிற்று. அம்முத்திரை திரையில் தோன்றிய கணமே கொட்டகையில் கரவொலி எழுந்த காலம் ஒன்று உண்டு.

சென்னை மவுண்ட் ரோட்டின் அருகே அமைந்த அந்த ஸ்டூடியோவை அவர் ஒரு பெரிய தொழிற்சாலை போலவே நடத்தினார். கதை இலாகா, சங்கீத இலாகா, நடன இலாகா, ஒப்பனை இலாகா எனப் பகுதிகள் பிரிக்கப்பட்டு, எழுத்தாளரும் நடிகரும் தச்சரும் மாதச் சம்பளம் பெற்றுப் பணிசெய்தனர். கொத்தமங்கலம் சுப்பு முதலிய பல திறமைசாலிகள் அங்கே கூடினர். பிற்காலத்தில் சிறந்த நாவலாசிரியராக விளங்கிய அசோகமித்திரன் அவர்களும் இளமையில் பல ஆண்டுகள் அங்கே அலுவல் பார்த்தவரே. நடிகர் கணேசனுடைய பெயருக்கு முன் ஜெமினி என்னும் அடைமொழி சேர்ந்தது, அவர் அந்த ஸ்டூடியோவில் உத்தியோகம் பார்த்தமையாலேயே.

‘மதனகாமராஜன்’ 1941-இலும், தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ 1942-இலும், வசுந்தரா தேவியும் ரஞ்சனும் நடித்த ‘மங்கம்மா சபதம்’ 1943-இலும் வெளிவந்தன. இவற்றை இயக்கியோர் பிறர். வாசன் தயாரிப்பாளராய் இருந்து மேற்பார்த்தார். மங்கம்மாவின் வெற்றி அவருக்கு மேன்மேலும் துணிவளித்தது. இதுகாறும் எவரும் எடுத்திராத பிரம்மாண்டமான படம் ஒன்றை எடுப்பதென்று அவர் முடிவு செய்தார்.

சந்திரலேகா

அவ்வாறு தொடங்கிய படமே ‘சந்திரலேகா’. அதற்குரிய கதையைத் தேடிக் கதை இலாகாவினர் பலநாள் உழைத்தனர். ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் கதையொன்றில் வரும் நிகழ்ச்சி பொறியாய் அமைய, அதிலிருந்து அரசகுமாரர் இருவர், அவ்விருவரும் விரும்பும் நாட்டியப் பெண் ஒருத்தி என்ற கதை பிறந்தது. டி. ஆர். ராஜகுமாரி சந்திரலேகாவாகவும், எம். கே. ராதா மூத்த இளவரசனாகவும், ரஞ்சன் தீய தம்பியாகவும் நடித்தனர்.

தொடங்கிய வேலை எளிதில் முடிந்ததா? இல்லை. உலகப் போர் நடந்த காலமாதலின் கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு இருந்தது. முதலில் படத்தை இயக்கிய ஆச்சார்யா என்பவர், கருத்து வேற்றுமையால் நடுவிலேயே விலகினார். அதுவரை ஒரு படத்தையும் இயக்கியறியாத வாசன், தாமே டைரக்டர் பொறுப்பை மேற்கொண்டார். நாற்பது வயதைக் கடந்தபின் புதியதொரு தொழிலை, அதுவும் தம் செல்வமனைத்தும் பணயமாக இருக்கையில் பயிலப் புகுவது எத்துணை அரிய துணிவு! ஆண்டுகள் ஐந்து கழிந்தன. செலவு சுமார் 30 லட்சம் ரூபாயை எட்டியது. அக்காலத்தில் இந்தியாவில் எந்தப் படத்துக்கும் இத்துணைப் பொருள் செலவானதில்லை. வாசன் தம் உடைமைகளை ஈடுவைத்தும், நண்பர்களிடம் கடன் பெற்றும் வேலையை நடத்தினார் என்பர். படம் தோற்றிருக்குமாயின், இருபது ஆண்டு உழைத்துச் சேர்த்த யாவும் ஒரே நாளில் அவர் கையைவிட்டுப் போயிருக்கும். அவருடைய சம்பளத்தை நம்பியிருந்த பலநூறு குடும்பங்களும் தெருவில் நின்றிருக்கும்.

படத்தின் முடிவில் வரும் முரசு நடனம் இன்றளவும் பேசப்படுவது. மாளிகை முற்றத்தில் வரிசை வரிசையாக மாபெரும் முரசுகள். அவற்றின்மேல் நானூறு பேர் அளவில் ஆடும் பெண்கள். நடனம் முடிந்த கணத்தில் முரசுகளைப் பிளந்துகொண்டு வெளிப்படும் போர்வீரர். அதனையடுத்து நெடிய வாட்போர். காண்பார் கண்ணுக்கு இது வெறும் ஆரவாரமாகத் தோன்றலாம். ஆயின் கதையின் முடிச்சு அவிழ்வதே அந்த நடனத்திலேதான். சிறைப்பட்ட சந்திரலேகா தீயவனை மணக்க இசைந்தவள் போல நடித்து ஆடும் நடனமே, அவளை மீட்க வந்த படையைக் கோட்டைக்குள் கொணரும் சூழ்ச்சியாகவும் ஆகின்றது. ஆட்டத்துக்காகக் கதை நிற்காமல், ஆட்டத்தினாலேயே கதை நகரும்படி அமைத்த திறம் பாராட்டுதற்குரியது.

தமிழ்ப் படம் 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் வெளியாயிற்று. மக்கள் திரள் திரளாகக் கண்டனர். ஆயினும் செலவிட்ட பொருளைத் தமிழ்நாடு ஒன்று மட்டும் திருப்பித் தருதல் இயலாததாயிற்று. தமிழகத்தில் அப்பொழுது இருந்த கொட்டகைகளின் தொகைக்கு 30 லட்சம் என்பது தாங்கக்கூடாத பாரமே. இந்நிலையில் மற்றொருவராயின் மனம் இடிந்திருப்பர். வாசனோ வடக்கு நோக்கினார்.

வடநாட்டு வெற்றி

அந்நாளில் ஹிந்திப் பட உலகம் பம்பாய், கல்கத்தா, பூனா ஆகிய நகரங்களின் கைவசம் இருந்தது. சென்னையிலிருந்து ஒரு படம் சென்று அங்கே நிலைபெறும் என்று எவரும் கருதவில்லை. வாசன் சந்திரலேகாவை ஹிந்தியில் மீண்டும் அமைத்தார். உரையாடலும் பாட்டும் ஹிந்தியில் புதியனவாக எழுதப்பட்டன. சில காட்சிகளும் சில நடிகர்களும் மாற்றப்பட்டனர். ராஜகுமாரி, ரஞ்சன், ராதா மூவரும் அவ்வாறே நின்றனர். 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஹிந்திச் சந்திரலேகா வெளியாயிற்று. விகடன் நாள்களில் கற்ற விளம்பரக் கலை முழுவதையும் அவர் அங்கே பயன்படுத்தினார். பத்திரிகைகளிலும் சுவர்களிலும் சந்திரலேகாவின் பெயரே காணப்பட்டது. இந்தியாவிலும் வெளிநாடுகளிலுமாக அறுநூறுக்கு மேற்பட்ட பிரதிகள் எடுத்து அனுப்பப்பட்டன. சென்னையில் எடுத்த படம் வடநாடு முழுவதும் பெருவெற்றி பெற்றது அதுவே முதன்முறை என்று திரைப்பட வரலாறு எழுதுவோர் குறிக்கின்றனர். அது திறந்த வழியிலேதான் ஏ. வி. மெய்யப்பன் முதலிய மற்றைச் சென்னைத் தயாரிப்பாளரும் பின்னர் வடநாட்டில் புகுந்தனர்.

இவ்விடத்தில் நாம் சிறிது நின்று எண்ணவேண்டும். ஹிந்தி மொழியைப் பற்றித் தமிழ்நாட்டில் கடுமையான வழக்கு எழுந்த நூற்றாண்டு அது. 1937-இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்க முயன்றபொழுது கிளர்ச்சி மூண்டது. 1965-இல் மீண்டும் பெருங்கிளர்ச்சி எழுந்து உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. ஒரு மொழியார்மேல் மற்றொரு மொழியைச் சுமத்துதல் தகாது என்று தமிழர் கொண்ட கொள்கை நியாயமானதே. அவ்விரு கிளர்ச்சிகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், வாசன் சென்னையிலிருந்தே ஹிந்திப் படங்களை இயக்கிக்கொண்டிருந்தார். அவர் அம்மொழிக்கு அடிமைப்பட்டாரும் அல்லர், அதனைப் பகைத்தாரும் அல்லர். தமிழ்த் தச்சர் சமைத்த முரசின்மேல், தமிழ் நடிகை ஆடிய ஆட்டத்தை, ஹிந்தி பேசுவோர் காசு கொடுத்துக் காணும்படி செய்தார். கட்டாயத்தால் ஒரு மொழி எல்லை கடப்பது ஒரு வகை. கலையின் இனிமையால் ஒரு நாட்டாருடைய கைத்திறன் எல்லை கடப்பது மற்றொரு வகை. பின்னதில் பெறுவோருக்கும் மகிழ்ச்சி, தருவோருக்கும் பெருமை. வாசனுடைய வாழ்க்கை நமக்குக் காட்டும் உண்மைகளுள் இதனையே தலையாயதாக யான் கருதுகின்றேன்.

அதன்பின் ஹிந்திப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ‘அபூர்வ சகோதரர்கள்’ என்னும் தமிழ்ப் படத்தின் ஹிந்தி வடிவமான ‘நிஷான்’ 1949-இல் வந்தது. ஏழைக் குடும்பம் ஒன்றின் துயரைக் கூறும் ‘சன்சார்’ 1951-இல் வந்து, காண்போரைக் கண்ணீர் வடிக்கச் செய்தது. ஆர். கே. நாராயண் அவர்களின் கதையைத் தழுவி, மோதிலாலும் பத்மினியும் நடிக்க, 1952-இல் ‘மிஸ்டர் சம்பத்’ எடுக்கப்பட்டது. பேச்சுத் திறத்தால் ஊரை ஏய்க்கும் ஒருவனைப் பற்றிய அப்படத்தில் மாளிகையும் இல்லை, வாட்போரும் இல்லை. அரசர் கதையேயன்றி அன்றாட மனிதர் கதையும் தமக்குக் கைவரும் என்பதை வாசன் அதிற் காட்டினார். 1955-இல் வந்த ‘இன்சானியத்’ என்னும் படத்தில் திலீப் குமாரும் தேவ் ஆனந்தும் சேர்ந்து நடித்தனர். ஹிந்தித் திரையின் இவ்விரு பெரு நடிகரும் இணைந்து தோன்றிய படம் அஃதொன்றே.

1958-இல் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ என்னும் தமிழ்ப் படத்தையும், அதன் ஹிந்தி வடிவமான ‘ராஜ் திலக்’ என்பதனையும் அவரே இயக்கினார். பத்மினியும் வைஜயந்திமாலாவும் எதிரெதிர் நின்று ஆடும் போட்டி நடனம் அதில் வருவது. அதனைக் கண்டோர் எவரும் மறக்க வல்லாரல்லர். மங்கம்மாவாக நடித்த வசுந்தரா தேவியின் மகளே வைஜயந்திமாலா என்பது இங்கு அறியத்தக்கது. அன்னையை வைத்துத் தமிழ்ப் படம் எடுத்தவர், பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் மகளை வைத்து இரு மொழியிலும் எடுத்தார். 1959-இல் ஆலைத் தொழிலாளரின் வாழ்வையும் முதலாளியுடன் நேரும் பிணக்கையும் பொருளாகக் கொண்ட ‘பைகாம்’ வெளிவந்தது. திலீப் குமார், ராஜ் குமார், வைஜயந்திமாலா ஆகியோர் அதில் நடித்தனர். அதுவே சிவாஜி கணேசன் நடிக்க ‘இரும்புத்திரை’ என்னும் பெயரால் 1960-இல் தமிழுக்கு வந்தது. முன்பு தமிழிலிருந்து ஹிந்திக்குச் சென்ற கதைகள், இப்பொழுது ஹிந்தியிலிருந்து தமிழுக்குத் திரும்பலாயின. 1961-இல் வந்த ‘கரானா’ என்னும் குடும்பப் படமும் நன்கு ஓடியது.

குணமும் குறையும்

ஒருவருடைய வரலாற்றை எழுதுவோர் நிறையொன்றே கூறின், அது வரலாறாகாது புகழ்ச்சியாய் முடியும். வாசன் பொழுதுபோக்கையே பெரிதெனக் கொண்டார், ஆழமான கலையை நாடவில்லை என்று அறிஞர் சிலர் குறை கூறுவர். அக்காலத்திலேயே வங்காளத்தில் சத்யஜித் ராய் அவர்கள் 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’யை அளித்து, சிறு பொருளில் பெருங்கலையைக் காட்டினார். அதனோடு வைத்து நோக்கின் வாசனுடைய படங்களில் ஆடம்பரம் மிகுதி, நுட்பம் குறைவு என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் இருவரும் நோக்கிய திசை வேறு. பகலெல்லாம் வயலிலும் ஆலையிலும் உழைத்து, மாலையில் நாலணா கொடுத்துத் தரையில் அமர்ந்து படம் காணும் ஏழையே வாசனுடைய மனக்கண்முன் எப்பொழுதும் நின்றான். அவனுடைய காசு வீண்போகலாகாது என்பதே அவர் கொண்ட நெறி. திருமறையில் வரும் தாலந்துகளின் உவமையை நாம் அறிவோம். பெற்ற பொருளை மண்ணிற் புதைத்தவனை எஜமானன் கடிந்துகொண்டான்; வியாபாரம் செய்து பெருக்கியவனையே மெச்சினான். தமக்கு வாய்த்த ஆற்றலைப் புதைத்துவையாது, அஞ்சாது சந்தையிற் கொணர்ந்து பெருக்கியவர் வரிசையில் வாசனுக்கும் இடம் உண்டு.

மற்றொரு குறை, என் எண்ணத்தில், இதனினும் பெரிது. சந்திரலேகா வடக்கே சென்றபொழுது, தன் சொந்த நடிகரையும் தன் சொந்தத் தொழிலாளரையும் நம்பிச் சென்றது. பின்வந்த படங்களிலோ பம்பாயின் பெயர்பெற்ற நடிகர்கள் மேன்மேலும் இடம் பெற்றனர். அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளமும், அவர்கள் வந்து நடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் செலவும் ஏறின. மாதச் சம்பளக்காரரைக் கொண்டு தொழிற்சாலை போல் நடந்த பழைய ஸ்டூடியோ முறை, நடிகருக்கே முதன்மை தரும் புதிய காலத்தில் நிலைக்க மாட்டாததாயிற்று. இது வாசனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பம்பாயிலும் கல்கத்தாவிலும் பழம்பெரும் ஸ்டூடியோக்கள் பல அதற்கு முன்னரே மூடப்பட்டிருந்தன. எனினும் பிறர் நிலத்தில் வெற்றி பெறச் செல்வோர், தம்மை அங்கே கொண்டுசேர்த்த சொந்த வலிமையை நெகிழவிடலாகாது என்னும் பாடத்தை ஜெமினியின் வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

இறுதிக் காலம்

படத்தொழிலில் ஈடுபட்டோரின் பொது நன்மைக்காகவும் வாசன் உழைத்தார். இந்தியத் திரைப்பட சம்மேளனத்தின் தலைவராய் இருந்து, அத்தொழிலின் குறைகளை அரசாங்கத்தாருக்கு எடுத்துரைத்தார். 1964-ஆம் ஆண்டு முதல் ராஜ்ய சபையின் அங்கத்தினராகவும் விளங்கினார். ஒரு காலத்தில் சினிமாக்காரர் என்றால் வீடு வாடகைக்குத் தரவும் தயங்கிய நாட்டில், அத்தொழிலைச் சார்ந்தவர் ஒருவர் சட்டமியற்றும் சபையில் அமர்ந்தது அத்தொழிலுக்கே வந்த மதிப்பாகும். 1969-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. அவ்வாண்டிலேயே ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள், அறுபத்தைந்தாம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவருக்குப்பின் விகடனை மைந்தர் பாலசுப்ரமணியன் அவர்கள் பல ஆண்டுகள் திறம்பட நடத்தினார். ஜெமினி ஸ்டூடியோவோ காலப்போக்கில் மூடப்பட்டு, அதன் நிலத்தில் ஹோட்டலும் பிற கட்டிடங்களும் எழுந்தன. 1973-இல் அவ்விடத்தருகே கட்டப்பட்ட மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று அரசாங்கத்தார் பெயரிட்டனர். ஆயினும் சென்னை மக்கள் அதனை ஜெமினி மேம்பாலம் என்றே வழங்குகின்றனர். 2004-ஆம் ஆண்டில், வாசன் பிறந்த நூற்றாண்டையொட்டி, இந்தியத் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. தபால் வியாபாரத்தில் தம் வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவருக்கு இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறில்லை.

மாணாக்க நண்பர்களே! நம்முள் பலர் மலையூர்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் கல்வி நாடி வந்தவர்கள். நாளை இன்னும் தொலைவான இடங்களுக்கு, நம் மொழி வழங்காத நாடுகளுக்கும், தொழில் தேடிச் செல்ல இருப்பவர்கள். தந்தையை இழந்து, படிப்பும் முற்றுப்பெறாது, ஒரு கைம்பெண்ணின் மகனாய்ச் சென்னையில் கால்வைத்த சிறுவன், தன்னிடம் இருந்த திறமையை மட்டும் துணையாகக் கொண்டு இந்திய நாடு முழுவதும் அறியப்பட்டான். அவன் தன் ஊரையும் மொழியையும் மறைத்துக்கொண்டு வடக்கே சென்றானல்லன். அவற்றின் கைத்திறனையே முன்னிறுத்திச் சென்றான். பிற மொழியைக் கற்பதனால் நாம் சிறுமையடைவதில்லை. நம்மிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் வெறுங்கையோடு செல்வதே சிறுமை. கொடுக்கத் தக்கதொரு திறத்தை இக்கல்விக் காலத்திலேயே நாம் ஒவ்வொருவரும் தேடிக்கொள்வோமாக. அதற்கு இறைவன் நமக்கு அறிவும் ஊக்கமும் அருள்வாராக.